பழைய கம்ப்யூட்டரில் எதைப் போடுவது, எதை விடுவது: வேலூர்ப் பக்கத்து அலுவலகங்கள், டைப்பிங் சென்டர்களுக்கான குறிப்புகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என எல்லாப் பக்கமும் ஒரே ஜாடையில் கம்ப்யூட்டர்கள் ஃபார்மட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், கூடவே ஒரு லேசர் பிரின்டர். மெஷினில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸ் 11 மட்டும் முறைப்படி ஏறாது. அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசஸரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கொண்டுவந்து வைப்பவர் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: “எல்லா சாப்ட்வேரும் போட்டுக் குடுத்துடுங்கண்ணா.”

அப்படிப் போட்டுக் கொடுத்த மெஷின்தான் சில மாதத்தில் திரும்பி வருகிறது. ஆன் செய்தால் எழுந்திருக்க நேரமாகிறது, அப்டேட் பாதியில் நிற்கிறது, பிரின்டர் திடீரென்று அடிக்க மறுக்கிறது. ஆராய்ந்து பார்த்தால் பாதிக்கு மேல் யாரும் ஒருநாள்கூடத் திறக்காத புரோகிராம்கள். எதைப் போடுவது என்பதைச் சாப்ட்வேர் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது. அந்த மெஷினில் என்ன செருகியிருக்கிறார்கள், எந்த ஃபைலைத் திறக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பிரின்டரும், ரேகை வைக்கும் கருவியும், பழைய தமிழ் ஃபான்ட்டும்தான் முடிவு செய்யும். மற்றதெல்லாம் பிறகு.

அதனால் பென்டிரைவைச் செருகும் முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரின்டர், ஸ்கேனர், ரேகைக் கருவி, டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி கருவி) இவற்றின் மாடல் எண்ணை அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்து எழுதுங்கள். “எச்பி பிரின்டர்” என்று எழுதினால் பயனில்லை. லேசர்ஜெட் 1020, எம்1005 போன்ற பழைய மாடல்களுக்குச் செய்ய வேண்டியது வேறு, புதிய வைஃபை மாடலுக்கு வேறு. பிறகு டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் இரண்டையும் திறந்து, ஃபைல் வகைப்படி அடுக்கி, கடைசி இரண்டு மாதத்தில் எவை திறக்கப்பட்டன என்று பாருங்கள். பேஜ்மேக்கர் ஃபைல் இருக்கிறதா, கோரல்ட்ரா ஃபைல் இருக்கிறதா, டேலி கணக்கு டேட்டா இருக்கிறதா, அல்லது வெறும் வேர்டும் பிடிஎஃப்பும்தானா? உரிமையாளரிடம் கேட்டால் எல்லாம் வேண்டும் என்றுதான் சொல்வார். உண்மை ஃபோல்டரில் இருக்கும்.

ஃபார்மட்டுக்கு முன் மூன்று விஷயம் தவறக் கூடாது. டேலிப்ரைம் லைசென்ஸ் இருந்தால், அதே மெஷினில் உள்ளே போய் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு அழியுங்கள். செய்யாமல் அழித்தால், புது இடத்தில் ஆக்டிவேட் செய்யும்போது தேவையில்லாத அலைச்சல். இரண்டாவது, விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். பாமினி, வானவில் ஃபான்ட்டில் அடித்த பழைய மனுக்களும் பத்திரங்களும் அது இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். மூன்றாவது, பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். அரசுத் தளங்களின் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. பதிவு செய்த மொபைல் எண் வேலையை விட்டுப் போனவருடையதாக இருக்கும்.

இப்போது பெரிய முடிவு: விண்டோஸா, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டமா? இதில் கொள்கைச் சண்டைக்கு இடமில்லை. டேலிப்ரைம் விண்டோஸில்தான் ஓடும். பேஜ்மேக்கரும் கோரல்ட்ராவும் அப்படியே. ஆதார் ரேகைக் கருவிகளை இயக்கும் ஆர்டி சர்வீஸ் புரோகிராமும் நடைமுறையில் விண்டோஸை நம்பித்தான் இருக்கிறது. இ-சேவை மையம் நடத்துபவர் ரேகைக் கருவி வைத்திருக்கும் மெஷினில் லினக்ஸ் போட்டால் மறுநாளே கடை நின்றுவிடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் போடுபவர் என்றால் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். தனிநபர் பெயரில் இருக்கும் வியாபாரம் என்றால் ஓடிபி வைத்தே போட்டுவிடலாம். எந்த சிஸ்டமானாலும் சரி. கம்பெனி, எல்எல்பி என்றால் டிஎஸ்சி வேண்டும். அதற்கு விண்டோஸ் இருப்பதே நிம்மதி.

நான்கு மெஷின் இருக்கும் இடத்தில் நல்ல ஏற்பாடு இதுதான்: எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள ஒன்றில் விண்டோஸ் 11 போட்டு, டேலி, டோக்கன், ரேகைக் கருவி எல்லாவற்றையும் அதில் சேருங்கள். டைப்பிங், ஸ்கேன், மெயில், ஆன்லைன் விண்ணப்பம் பார்க்கும் மற்ற மூன்றும் லினக்ஸுக்குப் போகட்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனி அலுவலகங்களுக்கு இந்தப் பிரிவினை சரியாகப் பொருந்தும். அக்கவுன்ட்ஸ் ஒருவர் கையில், பேக்கிங் லிஸ்ட்டும் கடிதமும் மற்றவர் கையில் என்றுதான் அங்கே வேலையே பிரிந்திருக்கிறது. டிபிஎம் சோதனையைத் தாண்டி பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏற்றும் வழிகள் உண்டு. ஏறும், ஓடும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் லாகின் நடக்கும் மெஷினில் அந்த வழி வேண்டாம். வீட்டு மெஷினை இப்போதைக்கு அப்படியே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டிப்பு அப்டேட்டில் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் 13 வரை சமாளிக்கலாம்.

சாப்ட்வேரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஹார்டுவேரில் ஒரு செலவு. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி அளவிலான எஸ்எஸ்டி போடுங்கள். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். நான்காம் தலைமுறை போர்டுகள் பெரும்பாலும் டிடிஆர்3, வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி இல்லாத மெஷினில் எந்த இலகுவான சிஸ்டத்தைப் போட்டாலும் பிரவுசர் திறக்கும்போது திணறும். லைட்டான சாப்ட்வேர் தேடி அலைவதைவிட இந்தச் செலவு லாபம்.

லினக்ஸ் என்று முடிவானால் டைப்பிங் சென்டர், அலுவலகம் இரண்டுக்கும் லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு போதும். 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. ஐஎஸ்ஓ எனப்படும் இன்ஸ்டால் ஃபைல் 2 ஜிபிக்கு மேல் இருக்கும்; ஒருமுறை இறக்கிவிட்டால் எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் ஏற்றலாம். லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், பிடிஎஃப் ரீடர், ஸ்கேன் புரோகிராம் எல்லாம் உள்ளேயே வருகின்றன. மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலை செய்யும் இடங்களுக்கு இதுவே சரி. டெபியன் 13 என்ற இன்னொரு லினக்ஸின் சிறிய ஐஎஸ்ஓ பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும், டெஸ்க்டாப்பை அது நெட்டிலிருந்துதான் இறக்கும். ஹாட்ஸ்பாட் டேட்டா பாதியில் தீர்ந்தால் இன்ஸ்டாலும் பாதியில் நிற்கும். 32 பிட் மட்டுமே ஓடும் மிகப் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் கிடையாது, 12-தான் கடைசி. கோர் 2 டுவோ என்றால் கவலை இல்லை, அது 64 பிட்தான்.

நல்ல ஃபைபர் இணைப்பு இருந்து, உங்கள் கைக்கு அடங்கிய சிஸ்டம் வேண்டும் என்றால் டெபியனே போடலாம். அதில் எல்லோரும் இடறும் இடம், இன்ஸ்டாலின் கடைசியில் வரும் “எந்த சாப்ட்வேர்கள் வேண்டும்” என்ற திரை. டெபியன் டெஸ்க்டாப், ஜிநோம் என்ற கனமான டெஸ்க்டாப், வழக்கமான கருவிகள் என்று சிலவற்றில் ஏற்கெனவே நட்சத்திரக் குறி இருக்கும். அம்புக்குறியால் எக்ஸ்எஃப்சிஇ வரிக்கு வந்து என்டரைத் தட்டுவார்கள். அங்கேதான் தவறு. என்டர் என்றால் அந்தத் திரையை முடித்து அடுத்ததற்குப் போவது. குறியை வைப்பதும் எடுப்பதும் ஸ்பேஸ் பாரில். என்டரைத் தட்டியதால் ஜிநோம் முழுதாக இறங்கி, 4 ஜிபி மெஷின் மூச்சு வாங்கும். ஜிநோம் வரியில் ஸ்பேஸ் தட்டிக் குறியை எடுங்கள், எக்ஸ்எஃப்சிஇ வரியில் ஸ்பேஸ் தட்டிக் குறியை வையுங்கள், திரும்ப ஒருமுறை கண்ணால் பாருங்கள், பிறகு என்டர்.

அதே திரையில் வெப் சர்வர் என்று ஒரு வரி இருக்கும். பிரவுசர் பார்க்க அது வேண்டும் என்று நினைத்துக் குறி வைப்பவர்கள் உண்டு. அது வந்தால் அப்பாச்சி என்ற சர்வர் எந்நேரமும் பின்னால் ஓடும்; டைப்பிங் மெஷினுக்கு அதற்கு ஒரு வேலையும் இல்லை. எஸ்எஸ்எச் சர்வர், தூரத்திலிருந்து நீங்களே பராமரிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும். பார்த்துவிட்டுப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு டெஸ்க்டாப்புக்குக் குறி வைப்பதும் வேண்டாம். இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு டெர்மினல், இரண்டு செட்டிங்ஸ் என்று மெனு முழுக்க இரட்டையாக நிற்கும். ஒன்றைப் பிறகு சுத்தமாக எடுப்பது, புதிதாக ஏற்றுவதைவிடக் கஷ்டம்.

டெபியன் இன்ஸ்டாலில் மொழியும் நாடும் கேட்கும் இடத்தில் ஆங்கிலம், இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். மின்ட்டில் இந்திய ஆங்கிலம் இருக்கிறதா என்று மொழி அமைப்பில் பாருங்கள். அமெரிக்க ஆங்கிலமாக விட்டால், தேதி மாதத்தில் தொடங்குவது மட்டுமல்ல, பேப்பர் அளவு லெட்டர் என்று நிற்கும். ஏ4 தாளில் மனுவின் அடி வரி காணாமல் போவதற்கும், பிரின்டர் “பேப்பர் இல்லை” என்று சொல்லி நிற்பதற்கும் பல நேரம் காரணம் இதுதான். டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றி அரை நாளை வீணாக்குவார்கள். மாற்ற வேண்டியதோ பேப்பர் அளவு ஒன்றை.

இனி பேக்கேஜ்களை, அதாவது லினக்ஸில் சாப்ட்வேர் வரும் பொட்டலங்களை, சேர்க்கும் பாடம். ஒரு பேக்கேஜைப் போடும்போது அதோடு மூன்று வகைத் துணைகள் பேசப்படும். கட்டாயம் வேண்டியவை, பரிந்துரைக்கப்படுபவை, விருப்பத்துக்கு உரியவை. முதல் இரண்டும் தானாக இறங்கும், மூன்றாவது இறங்காது. இடம் மிச்சமாகும் என்று பரிந்துரைகளை ஒட்டுமொத்தமாக அடைத்துவிடச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். லிப்ரே ஆபீஸ் வரும், ஆனால் பார்க்க இருபது வருடத்துக்கு முந்தைய முகத்தோடு இருக்கும். பிரின்டர் சேவை வரும், டிரைவர் வராது. மிச்சமாவது சில எம்பி. போவது ஒரு நாள்.

அதைவிட ஒரு நல்ல பழக்கம் உண்டு. பேக்கேஜ்களை ஏற்றவும் நீக்கவும் உள்ள ஆப்ட் கட்டளையைக் கொடுத்ததும் அது கேள்வி கேட்டு நிற்கும். ஒய் அடிக்கும் முன் மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். புதிதாக எத்தனை இறங்கும், எத்தனை நீக்கப்படும், எவ்வளவு டவுன்லோட், ஏறிய பிறகு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நான்கும் அங்கேயே இருக்கும். நீக்கப்படும் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் கையை எடுத்துவிட்டு, நீக்கப்படும் பெயர்களைப் படியுங்கள். ஒரு சின்ன புரோகிராமுக்காக டெஸ்க்டாப்பையே நீக்கப் போவதாக அது தெளிவாக எழுதியிருக்கும். படிக்காமல் ஒய் அடித்த பிறகு கறுப்புத் திரைதான் மிச்சம். எக்ஸ்எஃப்சிஇ மெஷினில் பிடிஎஃப் பார்க்க ஒக்யூலர் கேட்டால், அது கேடிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் கூடவே பெரிய பட்டாளம் இறங்கும். மின்ட்டில் எக்ஸ்ரீடர் ஏற்கெனவே இருக்கிறது. டெபியனில் ஏட்ரில் போதும். டவுன்லோட் அளவைப் பார்த்தாலே இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.

நீக்கும்போதும் இதே நிதானம் வேண்டும். ஜிநோம், எக்ஸ்எஃப்சிஇ4 போன்ற பெயர்கள் தனி புரோகிராம் அல்ல. பலவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கயிறு மாதிரி. உள்ளிருந்து ஒரு விளையாட்டை நீக்கினால் கயிறும் அறுந்துபோகலாம். அப்போதே ஒன்றும் ஆகாது. சில நாள் கழித்து, வேண்டாதவற்றைத் தானாக நீக்கும் கட்டளையைக் கொடுக்கும்போது, இனி யாருக்கும் தேவையில்லை என்று பாதி டெஸ்க்டாப்பைப் பட்டியலில் காட்டும். பட்டியலில் உங்களுக்கு வேண்டியது இருந்தால் அதன் பெயரைச் சொல்லி ஒருமுறை இன்ஸ்டால் கட்டளை கொடுத்துவிடுங்கள். நீங்களே கேட்டுப் போட்டதாகப் பதிவாகி, பிறகு கை வைக்காது. சந்தேகம் இருந்தால் ஆப்ட்டுக்கு ஒத்திகைக் கட்டளையும் உண்டு. எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் காட்டும். கட்டளை அடிக்கப் பயப்படுபவர்களுக்கு, மவுஸால் இதே வேலையைச் செய்யும் சினாப்டிக் நல்லது. எதை எந்தத் தேதியில் ஏற்றினோம் என்ற வரலாறும் அதில் கிடைக்கும்.

சிஸ்டத்துக்கு வெளியிலிருந்து தனி வழியாக வரும் ஃப்ளாட்பேக் பேக்கேஜ்கள் எப்போது? சிஸ்டத்தின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பது உங்கள் வேலைக்குப் பழசாக இருந்தால் மட்டும். முதல் ஃப்ளாட்பேக் புரோகிராமோடு அதற்கான அடித்தளமும் சில நூறு எம்பி இறங்கும். கால்குலேட்டருக்கு அது வேண்டாம். மின்ட் 22-இல் போட்டோ திருத்தும் கிம்ப் 3 வேண்டும் என்றால் சரி. 120 ஜிபி எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் டைம்ஷிஃப்ட்டையும் கவனிக்க வேண்டும். சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்ப அருமையான கருவிதான். ஆனால் தினசரி, வாராந்திரம், மாதாந்திரம் என்று எல்லாக் குறியையும் வைத்தால் டிஸ்க்கை நிரப்பி, லாகின்கூட ஆகாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். வாரத்துக்கு ஒன்று, இரண்டை மட்டும் வைத்திருக்கச் சொல்லுங்கள். உங்கள் டாகுமென்ட்களை வழக்கமான அமைப்பில் அது பிரதி எடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும். அதற்குத் தனி பேக்கப் வேண்டும்.

தமிழுக்கு வருவோம். சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றி மனு அடிப்பவர்களின் கை மூன்று வகை. டைப்ரைட்டிங் பரீட்சை எழுதிய கை, தமிழ்99 கீபோர்டு பழகிய கை, “அம்மா” என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்கும் கை. மூன்றுக்கும் ஐபஸ்-எம்17என் என்ற ஒரே பேக்கேஜ் போதும். தட்டச்சு, தமிழ்99, ஒலிபெயர்ப்பு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. ஆபரேட்டரைக் கேட்டு அவர் கைக்குரியதை மட்டும் சேருங்கள். ஐந்து கீபோர்டைச் சேர்த்து வைத்தால், மாற்றும்போதெல்லாம் தவறான ஒன்றில் போய் நின்று அடித்த பாதி வரியை அழிக்க வேண்டியிருக்கும். ஐபஸ், அதே வேலையைச் செய்யும் எஃப்சிஐடிஎக்ஸ் இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். ஒன்றின் குறுக்கே மற்றது விழும். ஃபயர்பாக்ஸில் தமிழ் வரும், லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் வராது என்ற புகாரில் இதுவே முக்கால்வாசி. ஏற்றிய பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும். அதைச் செய்யாமலே “வேலை செய்யல” என்று நீக்கிவிடுகிறவர்கள் அதிகம்.

ஃபான்ட்டில் நோட்டோ தொகுப்பும் லோகித் தமிழும் போதும். விண்டோஸின் லதா, நிர்மலா இரண்டும் லினக்ஸில் இருக்காது. லதாவில் அடித்த இரண்டு பக்க மனு இங்கே திறக்கும்போது வேறு ஃபான்ட்டில் விழுந்து மூன்றாம் பக்கத்துக்கு ஓடும். ஆங்கிலத்தில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு உண்டு: காலிப்ரிக்கு கார்லிட்டோ, காம்ப்ரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன். எழுத்தின் அகலம் ஒன்றாகவே இருப்பதால் பயோடேட்டா வரி மாறாது. தமிழில் லதாவுக்கு அப்படி ஒரு ஜோடி வழக்கத்தில் இல்லை. எனவே வெளியே போவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். திருத்தத்துக்குப் போவதை மட்டும் டாகுமென்ட்டாக.

பாமினி, வானவில் ஃபைல்களுக்கு, முன்பே எடுத்து வைத்த ஃபான்ட்டை ஹோம் ஃபோல்டரில் அதற்குரிய இடத்தில் போட்டால் பழைய மனு அப்படியே தெரியும், பிரின்டும் ஆகும். விலை கொடுத்து வாங்கும் ஃபான்ட்டை வாங்கியவர் மெஷினில் மட்டும் வையுங்கள். அந்த எழுத்தைப் பிரதி எடுத்து அரசுத் தளத்தின் பெட்டியில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியே ஒட்ட வேண்டும். மாற்றிய பிறகு ஒற்றெழுத்தையும் எண்களையும் கண்ணால் சரி பாருங்கள், குறிப்பாக சர்வே எண்ணை. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் 2019-இல் தனி மாவட்டங்கள் ஆயின. பழைய மாதிரி மனுக்களில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே நிற்கும். மாற்றும் வேலையோடு அதையும் திருத்திவிடலாம்.

எல்லாம் முடிந்ததும் ரைட்டரில் ஒரு வரி அடியுங்கள்: கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ, ஞெ, ணை. திரையில் பாருங்கள், பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள், தாளில் அடித்தும் பாருங்கள். மூன்றிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். டிடிபிக்கு ஸ்க்ரைபஸ் வேண்டும் என்பவர்கள் 1.6 அல்லது அதற்கு மேல் போடுங்கள், பழைய 1.4 வரிசையில் தமிழ்க் கொம்பு இடம் மாறி விழும். படம் வரையும் இன்க்ஸ்கேப்பில் அந்தத் தொல்லை இல்லை. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அளவுக்கு அதுவே தாங்கும்.

சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் இன்னொன்று வேண்டும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷிலிருந்து வரும் நோயாளிகள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆவணங்கள் பலவும் வங்க மொழியில் இருக்கும். வங்க மொழி ஃபான்ட் பேக்கேஜ் இல்லையென்றால் வேர்டு ஃபைல் கட்டம் கட்டமாகத் தெரியும், அப்படியே பிரின்டும் ஆகிவிடும். வாங்கிப் போகிறவர் பாவம், ஆஸ்பத்திரி கவுன்டரில் போய்த்தான் கண்டுபிடிப்பார். சில எம்பி பேக்கேஜ்தான், மறக்காமல் சேருங்கள்.

பிரின்டர்தான் மிகவும் படுத்துவது. எதையும் ஏற்றும் முன், மின்ட் பென்டிரைவிலிருந்து லைவாக பூட் செய்து, பிரின்டரைச் செருகி, ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தன் ஃபர்ம்வேரை கம்ப்யூட்டரிலிருந்து வாங்கிக்கொள்ளும் வகை. எச்பி பிரின்டர்களுக்கான எச்பிலிப் பேக்கேஜ் மட்டும் போதாது. அதற்கான பிளக்இன்னைத் தனியாக இறக்க வேண்டும், நெட் வேண்டும். பிளக்இன்னும் எச்பிலிப்பும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட்டில் எச்பிலிப் மட்டும் முன்னேறிவிட்டால், வேலை வரிசையில் போய் நிற்கும், தாள் வராது. பிளக்இன் கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். எம்1005-க்கும் இந்தப் பிளக்இன் கதைதான்.

கேனான் எல்பிபி 2900 நம் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் ஏராளம். அது கேப்ட் என்ற தனி மொழி பேசுவது. லினக்ஸில் ஏற்ற வழிகள் இருந்தாலும் அப்டேட்டுக்குப் பிறகு நம்ப முடியாது. அதை விண்டோஸ் மெஷினோடே விட்டுவிட்டு, லினக்ஸ் மெஷின்களிலிருந்து பிடிஎஃப்பை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு அங்கிருந்து அடிப்பதே நாள் முழுக்க ஓடும் கடைக்கு ஏற்றது. எப்சன் எல் வரிசை இங்க் டேங்குகளுக்கு ஈஎஸ்சிபிஆர் டிரைவர் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பிரதர் லேசர்களில் பலவற்றுக்கு பிஆர்லேசர். வைஃபை உள்ள புதிய மாடல்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் ஓடும். அவற்றுக்குக் கம்பெனி தளத்திலிருந்து டிரைவர் இறக்கி ஏற்றினால் ஒரே பிரின்டர் இரண்டு பெயரில் தெரிந்து, பாதி வேலை தவறான பெயருக்குப் போகும்.

ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் பெரிய புரோகிராம்கள் வேண்டாம். சிம்பிள் ஸ்கேன், பிடிஎஃப் அரேஞ்சர், கிம்ப் மூன்றே போதும். வங்கித் தேர்வுக்கான ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் போட்டோ 200-க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140-க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. கிம்ப்பில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் முன்னோட்டக் குறியை வைத்தால், தரத்தைக் குறைக்கக் குறைக்க ஃபைல் அளவு அங்கேயே தெரியும். இதற்கென்று முகம் தெரியாத தளங்களில் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் ஏற்றி “கம்ப்ரஸ்” செய்வது வேண்டவே வேண்டாம். அது அடுத்தவர் பிள்ளையின் ஆவணம். சான்றிதழை 200 டிபிஐயில் கறுப்பு-சாம்பலாக ஸ்கேன் செய்தாலே அளவு அடங்கிவிடும்; 72-க்குக் குறைத்தால் சீல் படிக்க முடியாமல் போய் விண்ணப்பம் திரும்பும்.

விண்டோஸ் மெஷினுக்குச் சொல்வது குறைவு. உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் போதும். இரண்டு ஆன்ட்டிவைரஸ் ஒன்றையொன்று முடக்கும். டிரைவர் அப்டேட்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம். செவன்-ஜிப், சுமத்ரா பிடிஎஃப், ஒரு பிரவுசர், லிப்ரே ஆபீஸ் அல்லது காசு கொடுத்த ஆபீஸ், அவ்வளவுதான். எல்லாவற்றையும் விண்டோஸின் சொந்த விங்கெட் கட்டளையில் ஏற்றினால், டவுன்லோட் தளங்களில் ஒட்டிவரும் கூடுதல் டூல்பார்கள் வராது. கிராக் செய்த போட்டோஷாப்பும், திருட்டு ஆக்டிவேட்டரும் டிஃபெண்டரை அணைக்கச் சொல்லும். அணைத்த அதே மெஷினில்தான் கடைக்காரர் தன் பேங்க் கணக்கையும், வருகிறவர்களின் ஓடிபியையும் அடிக்கிறார். இதில் மட்டும் தாட்சண்யம் பார்க்காமல் மறுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து மெஷினை இயக்கும் எனிடெஸ்க் போன்றவற்றை வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

கடைப் பையனுக்கு சாதாரண கணக்கு, உரிமையாளருக்கு நிர்வாகக் கணக்கு என்று பிரித்துவிட்டால், கேட்காமல் ஏறும் சாப்ட்வேர் பெரும்பாலும் நின்றுவிடும்.

வேலை முடிந்ததும், நீங்கள் கேட்டுப் போட்ட பேக்கேஜ்களின் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுங்கள். லினக்ஸில் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல், விண்டோஸில் விங்கெட் எக்ஸ்போர்ட். ஃபைலை மெயிலில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று வையுங்கள். எஸ்எஸ்டி போனாலும், இன்னொரு மெஷின் வாங்கினாலும் அதே பட்டியலிலிருந்து ஏற்றிவிடலாம். பிரின்டர் மாடலையும் எச்பிலிப் வெர்ஷனையும் ஒரு சீட்டில் எழுதி கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். சிஸ்டம் அப்டேட்டை சனிக்கிழமை சாயங்காலம் கடை ஓய்ந்த பிறகு போட்டு, ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள். திங்கட்கிழமை காலை குறைதீர் நாள் கூட்டத்துக்கு மனு அடிக்க வரிசை நிற்கும்போது அந்த பட்டனில் கை வைக்க வேண்டாம்.